டிஎன்ஏ வரைபடத்தைப் படிப்பது எப்படி: தடயவியல் ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தடயவியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேருபவர் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கவும், அளவிடவும், பெருக்கவும், கருவியில் ஓட்டவும் ஓரளவு விரைவாகவே கற்றுக்கொண்டுவிடுகிறார். அவை கைப்பழக்கம் சார்ந்த வேலைகள். தவறினால் வரைபடமே வராது, அல்லது கண்ட்ரோல் மாதிரி, அதாவது விடை முன்பே தெரிந்த சரிபார்ப்பு மாதிரி, உடனே காட்டிக்கொடுத்துவிடும். வந்த வரைபடத்தைப் படித்து முடிவு சொல்வது அப்படிப்பட்டதன்று. தவறான வாசிப்பும் சரியான வாசிப்பைப் போலவே எண்களோடும் கையெழுத்தோடும் அறிக்கையாகி நீதிமன்றத்துக்குப் போய்விடும். எந்த எச்சரிக்கை மணியும் அடிக்காது.

இட்டியல் ட்ரோர், கிரெக் ஹாம்பிகியன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான வழக்கொன்றில் கிடைத்த கலப்பு மாதிரியின், அதாவது ஒன்றுக்கு மேற்பட்டோரின் டிஎன்ஏ கலந்த மாதிரியின், வரைபடத்தை, வழக்கு விவரம் எதையும் சொல்லாமல், பணியில் இருக்கும் 17 நிபுணர்களிடம் அவர்கள் கொடுத்தனர். வழக்கு விவரங்களை அறிந்திருந்த முதல் நிபுணர்கள் சந்தேக நபரை விலக்க முடியாது என்று சொல்லியிருந்தனர். விவரம் அறியாத 17 பேரில் ஒரே ஒருவர்தான் அந்த முடிவுக்கு வந்தார். 12 பேர் அவரை விலக்கினர். 4 பேர் முடிவு சொல்ல இயலாது என்றனர். அனைவரும் பார்த்தது ஒரே வரைபடம்.

வாசிப்பின் நம்பகத்தன்மையைத் தீர்மானிப்பது நிபுணரின் கூர்மையைக் காட்டிலும் வேலையின் வரிசைதான் என்பது என் கருத்து. தடய மாதிரியைத் தனியாகப் படித்து, முடிவுகளை எழுதி வைத்து, அதன் பிறகே சந்தேக நபரின் மாதிரியைத் திறக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கானவை.

முதலில்: வரைபடத்தில் இருப்பது என்ன

1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் தொடங்கிவைத்த டிஎன்ஏ கைரேகை முறை இன்று புழக்கத்தில் இல்லை. இன்றைய ஆய்வகங்கள் எஸ்டிஆர் எனப்படும் குறுந்தொடர்களை அளக்கின்றன. மரபணுத் தொகுதியின் குறிப்பிட்ட இடங்களில், அதாவது லோக்கஸ்களில், பெரும்பாலும் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அப்படி மாறும் ஒவ்வொரு வடிவமும் ஓர் அல்லீல்; அந்த எண்தான் அதன் பெயர். வரைபடத்தில் ஒவ்வோர் அல்லீலும் ஒரு முகடாகத் தெரியும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு லோக்கஸிலும் ஒருவருக்கு இரண்டு அல்லீல்கள் இருக்கும்; இரண்டும் ஒரே எண்ணாகவும் இருக்கலாம். டிஎச்01 என்ற லோக்கஸில் 9.3 என்றோர் அல்லீல் உண்டு: ஒன்பது முழுத் தொடர்களும் மூன்று எழுத்துகளும் கொண்டது. அது 10இலிருந்து ஒரே ஓர் எழுத்தால்தான் வேறுபடுகிறது. அந்த ஓர் எழுத்தைக் கருவி பிரித்துக் காட்டுகிறதா என்பதே அன்றைய ஓட்டத்தின் தரத்துக்கு ஒரு நல்ல சோதனை.

அமெரிக்கத் தேசியத் தரவுத்தளம் 1998இல் 13 லோக்கஸ்களுடன் தொடங்கி, 2017 ஜனவரி முதல் 20 லோக்கஸ்களைக் கேட்கிறது. எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் இருக்கிறது. 1999இல் பிரிட்டனில் ஆறு லோக்கஸ்களில் மட்டும் பொருந்தியதை வைத்து ஒருவரைத் திருட்டு வழக்கில் கைது செய்தார்கள். தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 3.7 கோடியில் ஒன்று என்று கணக்கிடப்பட்டிருந்தது. அவரோ பார்கின்சன் நோய் முற்றியவர். கூடுதல் லோக்கஸ்களைச் சோதித்தபோது அவர் விலக்கப்பட்டார். லட்சக்கணக்கானோரின் விவரம் உள்ள தரவுத்தளத்தில் தேடும்போது, ஆறு லோக்கஸ் பொருத்தம் தற்செயலாகவும் வரும் என்பது அந்த எண்ணிலேயே அடங்கியிருந்தது.

படி 1: கண்ட்ரோல்களைப் பார்க்காமல் மாதிரியைத் திறக்காதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தில் நேராக வழக்கு மாதிரியைத் திறப்பார்கள். முதலில் திறக்க வேண்டியது அல்லீல் லேடர், அதாவது தெரிந்த அல்லீல்களை வரிசையாகக் கொண்ட ஒப்பீட்டுக் கலவை. எல்லா அல்லீல்களும் சரியாகப் பெயரிடப்பட்டுள்ளனவா, அளவுகோலாகச் சேர்த்த சைஸ் ஸ்டாண்டர்டின் எல்லா முகடுகளும் வந்துள்ளனவா என்று பாருங்கள். அடுத்து பாசிட்டிவ் கண்ட்ரோல்: அதன் விவரம் முன்பே தெரிந்தது, ஆகவே ஒரு முகடுகூட மாறியிருக்கக் கூடாது. மூன்றாவதாக, டிஎன்ஏ சேர்க்காமல் பெருக்கிய நெகட்டிவ் கண்ட்ரோலும், பிரித்தெடுக்கும் கட்டத்தில் மாதிரி இல்லாமல் ஓட்டிய பிளாங்க்கும். இரைச்சலிலிருந்து முகட்டைப் பிரித்தறியும் பகுப்பாய்வு வரம்புக்குக் கீழேயும் எட்டிப்பாருங்கள். வரம்புக்கு மேல் எதுவும் வராத பிளாங்க்கிலும், அடித்தளத்தையொட்டி வரிசையாகச் சிறு முகடுகள் தெரிந்தால் அதைக் குறித்துவைக்க வேண்டும்; அதே தொகுதியில் ஓடிய பலவீனமான மாதிரிக்கு அது பொருட்படுத்தத்தக்க செய்தி.

மாசு எங்கிருந்தும் வரலாம். ஜெர்மனியில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ கொலை, திருட்டு என்று தொடர்பில்லாத பல குற்ற இடங்களில் கிடைத்து, 2007இல் ஹைல்பிரோனில் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட பிறகு பெரும் தேடலாக மாறியது. 2009இல் தெரியவந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரிப்பதில் ஈடுபட்ட ஒரு தொழிலாளியின் டிஎன்ஏ. கிருமி நீக்கம் செய்யப்பட்ட குச்சி டிஎன்ஏ இல்லாத குச்சியாகிவிடாது. ஆய்வக ஊழியர்கள், மாதிரி எடுப்பவர்கள் ஆகியோரின் விவரங்களை விலக்குத் தரவுத்தளமாக வைத்திருந்து, வரும் ஒவ்வொரு தெரியாத விவரத்தையும் அதனோடு ஒப்பிடும் வழக்கம் இதற்காகத்தான்.

படி 2: எவ்வளவு டிஎன்ஏ இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ 6.6 பிகோகிராம் டிஎன்ஏ இருக்கிறது. டிஎன்ஏவைப் பெருக்கப் பயன்படும் பெரும்பாலான கிட்கள் 0.5 முதல் 1 நானோகிராம் வரை எதிர்பார்க்கின்றன. 1 நானோகிராம் என்றால் சுமார் 150 செல்கள். 100 பிகோகிராமில் 15 செல்கள்தான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் பல புதிர்கள் அவிழும். 15 செல்களிலிருந்து எடுத்த திரவத்தைக் குழாயில் விடும்போது, ஓர் அல்லீலின் பிரதிகள் பத்தும் மற்றதன் பிரதிகள் இருபதும் போய்விழுவது இயல்பு. டிஎன்ஏவைப் பல மடங்காக்கும் பிசிஆர் அந்த ஏற்றத்தாழ்வை அப்படியே பெருக்கிக் காட்டும். இன்னும் குறைந்தால் ஓர் அல்லீல் அறவே வராமல் போகும். அதைத்தான் ட்ராப்-அவுட் என்கிறோம்.

அளவீட்டுப் படியில் கிடைக்கும் மற்ற இரண்டு தகவல்களையும் தவறவிடாதீர்கள். நீளமான துண்டுகளின் அளவுக்கும் குறுகிய துண்டுகளின் அளவுக்கும் உள்ள விகிதம், டிஎன்ஏ எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று சொல்லும். சிதைந்த மாதிரியின் வரைபடத்தில் இடப்பக்கம் உயரமாகத் தொடங்கும் முகடுகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்து, நீளமான லோக்கஸ்களில் காணாமலே போகும். அளவீட்டின்போது ஒவ்வொரு மாதிரியோடும் சேர்க்கும் உள்ளிருப்புக் கண்ட்ரோல் தாமதமாக வந்தால், இரத்தத்தின் ஹீம், மண்ணின் ஹ்யூமிக் அமிலம், துணியின் இண்டிகோச் சாயம் போன்ற ஏதோவொன்று பிசிஆரைத் தடுக்கிறது என்று பொருள். எங்கே அல்லீல்கள் விடுபட்டிருக்கக்கூடும் என்பது ஒப்பீட்டுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பீட்டுக்குப் பிறகு, பொருந்தாத இடத்தைப் பார்த்து ட்ராப்-அவுட்டாக இருக்கும் என்று சொல்வது விளக்கமன்று, சாக்கு.

படி 3: எது அல்லீல், எது அல்லீல் அன்று

முகடுகளின் உயரத்தைக் கருவி ஆர்எஃப்யூ என்னும் ஒளிர்வு அலகில் தரும். ஆய்வகத்துக்கு இரண்டு வரம்புகள் இருக்கும். பகுப்பாய்வு வரம்புக்குக் கீழே உள்ளதை இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்கு மேலுள்ள தற்செயல் வரம்பின் பொருள் வேறு: ஒற்றை முகடு இந்த வரம்பைத் தாண்டினால்தான், அதன் இணை விடுபடவில்லை, இவர் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அல்லீலைப் பெற்றவர் என்று கொள்ளலாம். இரண்டு எண்களையும் உங்கள் ஆய்வகம் தன் கருவியிலும் தன் கிட்டிலும் நடத்திய சரிபார்ப்பிலிருந்து பெற்றிருக்க வேண்டும். வேறோர் ஆய்வகத்தின் எண்ணை எடுத்துப் பயன்படுத்துவது, எவ்வளவு புகழ்பெற்ற ஆய்வகமாக இருந்தாலும், பிழை.

வரம்பைத் தாண்டிய எல்லா முகடுகளும் அல்லீல்கள் ஆகிவிடா. லோக்கஸ்களை வேறுபடுத்தப் பல நிறச் சாயங்கள் பயன்படுகின்றன. ஒரு நிறத்தில் மிக உயரமான முகடு இருந்தால், அதே நீளத்தில் மற்றொரு நிறத்தில் அதன் நிழல்போலச் சிறு முகடு தோன்றும். புல்-அப் எனப்படும் இதைக் கண்டறிய எல்லா நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதும். ஊசிபோல் ஒல்லியாக எல்லா நிறங்களிலும் ஒருசேர வருவது மின்குறுக்கீடு. மறுபடி ஓட்டினால் மறைந்துவிடும். மேடுபோல் அகலமாக வருவது கரைந்து பிரிந்த சாயம். இவை அனைத்தையும் சில வாரப் பழக்கத்தில் அடையாளம் காணலாம்.

கடினமானது ஸ்டட்டர். பிசிஆரின்போது நொதி ஒரு தொடரை நழுவவிட்டு, உண்மையான அல்லீலைவிட ஒரு தொடர் குறைந்த பிரதியைச் செய்துவிடும். எனவே 14க்கு முன்னால் 13இல் ஒரு சிறு முகடு நிற்கும். அதன் உயரம் பொதுவாக மூல முகட்டில் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும். இடைமுறிவில்லாமல் நீளும் தொடர்களில் ஸ்டட்டர் அதிகம். ஒரு தொடர் கூடுதலாகவும் அரிதாக, மிகச் சிறியதாக வரும். இது இரைச்சலன்று, உண்மையான டிஎன்ஏ பிரதி. ஆகவே இன்னொருவரின் சிறு அளவு டிஎன்ஏவிலிருந்து தோற்றத்தை வைத்து அதைப் பிரிக்கவே முடியாது.

படி 4: ஒருவரின் மாதிரி

டி18எஸ்51 என்ற லோக்கஸில் இந்த நான்கு முகடுகள் வந்ததாகக் கொள்வோம்: 13இல் 110, 14இல் 1200, 16இல் 95, 17இல் 1050 ஆர்எஃப்யூ. 13இல் உள்ளது 14இன் 9 விழுக்காடு. 16இல் உள்ளது 17இன் 9 விழுக்காடு. இரண்டும் ஸ்டட்டர் இடத்தில், ஸ்டட்டர் உயரத்தில் இருக்கின்றன. மீதமுள்ள 14, 17 ஆகியவற்றின் உயர விகிதம் 1050க்கு 1200, அதாவது 88 விழுக்காடு. போதிய டிஎன்ஏ உள்ள ஒரே ஆளின் மாதிரியில் இந்த விகிதம் வழக்கமாக 60 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். எல்லா லோக்கஸ்களும் இப்படியே இருந்தால் இது ஒருவருடைய மாதிரி, வாசிப்பு முடிந்தது.

ஒரே ஒரு லோக்கஸில் மட்டும் மூன்று முகடுகள் தெரிந்தால் உடனே கலப்பு என்று எழுதிவிடாதீர்கள். அரிதாகச் சிலருக்கு ஓர் இடத்தில் மூன்று அல்லீல்கள் இருக்கும். ஒரே ஆளின் மாதிரியில் இன்னொரு விதிவிலக்கும் உண்டு: எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவரின் இரத்தம் கொடையாளரின் விவரத்தைக் காட்டும்.

படி 5: கலப்பு மாதிரி

வேலையின் கனம் முழுவதும் இங்கேதான். முதல் கேள்வி எத்தனை பேர் என்பது. ஒருவருக்குப் பொதுவாக ஒரு லோக்கஸில் இரண்டு அல்லீல்களுக்கு மேல் இராது என்பதால், அதிகபட்ச அல்லீல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் குறைந்தபட்ச ஆட்கள் தெரிவார்கள். குறைந்தபட்சம் என்பதை மறந்துவிடக் கூடாது. மக்கள் அல்லீல்களைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்தும் ஒரு லோக்கஸில் நான்கு முகடுகளே வரலாம். 13 லோக்கஸ்களைக் கொண்டு 2005இல் வெளியான கணிப்பு ஒன்றின்படி, அல்லீல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நான்கு பேர் கலப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் மூன்று அல்லது இரண்டு பேர் கலப்பாகவே தோன்றும். ஆகவே முகடுகளின் உயரங்கள் நீங்கள் சொல்லும் எண்ணிக்கையோடு எல்லா லோக்கஸ்களிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்காமல் இரண்டு எண்ணிக்கைகளுக்கும் கணக்கிடுங்கள்.

இப்போது அதே டி18எஸ்51ஐ வேறொரு மாதிரியில் பார்ப்போம். 13இல் 190, 14இல் 1200, 17இல் 1050, 20இல் 175. 17இன் ஸ்டட்டர் 16இல் 95 என்று இருக்கிறது. அதில் சிக்கல் இல்லை. 20 எந்த முகட்டின் ஸ்டட்டர் இடத்திலும் இல்லை. எனவே இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவரிடம் 20 இருக்கிறது. அவருடைய மற்ற அல்லீல் எது?

13இல் உள்ள 190, 14இன் 16 விழுக்காடு. வழக்கமான ஸ்டட்டரைவிடச் சற்று உயரம், ஆனால் நடக்காததன்று. ஆகவே சிறுபங்களிப்பாளர், அதாவது குறைந்த அளவு டிஎன்ஏ தந்த அந்த இரண்டாவது ஆள், 13, 20 கொண்டவராக இருக்கலாம்: ஸ்டட்டர் 110, அவருடைய பங்கு 80. அவர் 14, 20 கொண்டவராகவும் இருக்கலாம்: அவருடைய 14 பெரிய முகட்டுக்குள் மறைந்திருக்கிறது. 17, 20 ஆகவும் இருக்கலாம். 20, 20 ஆகவும் இருக்கலாம். 20உம் விடுபட்டுப்போன இன்னொன்றுமாகவும் இருக்கலாம். வரைபடம் இந்த ஐந்துக்கும் இடம் தருகிறது. எல்லாவற்றுக்கும் சமமான வாய்ப்புத் தருவதில்லை.

சந்தேக நபரின் விவரம் முன்பே மேசையில் இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அவர் 13, 20 என்றால், 190 ஸ்டட்டருக்கு அதிக உயரம், எனவே 13 உண்மையான அல்லீல் என்று தோன்றும். அவர் 14, 20 என்றால், 13 சற்றே உயர்ந்த ஸ்டட்டர்தான், 14 பெரிய முகட்டுக்குள் இருக்கிறது என்று தோன்றும். அவர் 18, 20 என்றால், 18 விடுபட்டிருக்கும் என்று தோன்றும். மூன்று வேறு ஆட்கள். மூன்று பேரையும் சேர்த்துக்கொள்ள அறிவியல்போல் ஒலிக்கும் காரணம் தயாராக இருக்கிறது. இதைச் செய்பவருக்குத் தாம் வளைந்துகொடுப்பது தெரியவே தெரியாது. நேர்மையற்றவர்களின் தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது; விடை தெரிந்த பிறகு கேள்வியைப் படிக்கும் எவருக்கும் நேர்வது.

ஆகவே எழுதுங்கள். ஒவ்வொரு லோக்கஸுக்கும் எது உறுதியான அல்லீல், எது ஸ்டட்டராக இருக்கலாம், எங்கே விடுபடல் சாத்தியம், பங்களிப்பாளர்கள் எத்தனை பேர், அவர்களின் கலப்பு விகிதம் ஏறத்தாழ என்ன, பெரும்பங்களிப்பாளரைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று குறித்து, தேதியும் நேரமும் இட்டுக் கையெழுத்திடுங்கள். எந்த லோக்கஸ்கள் ஒப்பீட்டுக்குத் தகுதியற்றவை என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். மொத்த மாதிரியுமே வாசிப்புக்குத் தகுதியற்றது என்றால் இங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதுவும் ஒரு முடிவுதான், மேலதிகாரியோ விசாரணை அதிகாரியோ விரும்பாத முடிவாக இருந்தாலும். பாலியல் வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில் அவருடைய டிஎன்ஏ இருப்பது எதிர்பார்க்கத்தக்கது என்பதால், அவருடைய விவரத்தை மட்டும் இந்தக் கட்டத்தில் பயன்படுத்தலாம். அதையும் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி 2013இல் நடத்திய ஒப்பீட்டுப் பயிற்சியில் 108 ஆய்வகங்கள் கலந்துகொண்டன. அதில் ஒரு மாதிரி, நான்கு பேரின் டிஎன்ஏவைக் கலந்து, பார்ப்பதற்கு இரண்டு பேர் கலப்புபோல் தோன்றும்படி தயாரிக்கப்பட்டது. ஒப்பிடத் தரப்பட்டவர்களில் ஒருவர் அந்தக் கலப்பில் இல்லவே இல்லை. பெரும்பாலான ஆய்வகங்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. அந்த மாதிரி பொறியாக வைக்கப்பட்டது என்று சிலர் குறைசொன்னார்கள். வழக்கில் வரும் மாதிரி தான் பொறியா இல்லையா என்று அறிவித்துவிட்டு வருவதில்லை.

படி 6: ஒப்பீடும் எடையும்

எழுதி முடித்த பிறகு சந்தேக நபரின் விவரத்தைத் திறக்கலாம். பொருந்தவில்லை என்றால் விலக்கு, அவ்வளவுதான். பொருந்தினால், எவ்வளவு எடை என்று சொல்லாமல் பொருந்துகிறது என்று மட்டும் எழுதுவது பயனற்றது மட்டுமல்ல, கேட்பவரைத் தவறாக வழிநடத்துவதும்கூட.

ஒரே ஆளின் மாதிரிக்குக் கணக்கு எளிது. ஒரு லோக்கஸில் இரண்டு அல்லீல்களின் மக்கள்தொகை நிகழ்வெண்கள் 0.14, 0.13 என்றால், அந்த இணை வருவதற்கான வாய்ப்பு 2 × 0.14 × 0.13, அதாவது 0.0364, ஏறத்தாழ 27 பேரில் ஒருவர். இப்படி ஐந்து லோக்கஸ்கள் இருந்து பெருக்கினால், சுமார் 1.5 கோடியில் ஒருவர் என்று வரும். இருபது லோக்கஸ்களில் எண் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பொது மூதாதையர்களால் வரும் நெருக்கத்துக்காக தீட்டா என்ற திருத்தம் சேர்க்கப்படுகிறது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1996 அறிக்கை இதற்குப் பொதுவாக 0.01, சிறிய தனித்த சமூகங்களுக்கு 0.03 என்று பரிந்துரைத்தது.

இந்த எண் உறவில்லாதவர்களுக்கானது. உடன்பிறந்தவருக்கு அதே லோக்கஸில் பொருந்தும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஐந்து லோக்கஸ்களில் சுமார் 270இல் ஒன்று. 1.5 கோடியும் 270உம் ஒரே மாதிரியிலிருந்து வரும் எண்கள். தன் அண்ணனோ தம்பியோ செய்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொன்னால் இரண்டாவது எண்தான் பொருத்தமானது. ஒற்றைக்கரு இரட்டையர்களை எஸ்டிஆர் பிரிக்காது. ஒய் குரோமோசோம் எஸ்டிஆர் தந்தைவழி ஆண்கள் அனைவருக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அதன் லோக்கஸ்களை மேலே சொன்னபடி பெருக்கவே கூடாது. முழு விவரமும் தரவுத்தளத்தில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

கலப்புக்கு வாய்ப்பு விகிதம் தேவை. இரண்டு கூற்றுகளை எதிரெதிரே வைக்கிறோம்: இந்த மாதிரியில் சந்தேக நபரும் தெரியாத ஒருவரும் இருக்கிறார்கள், அல்லது தெரியாத இருவர் இருக்கிறார்கள். முதல் கூற்று உண்மையானால் இப்படியொரு வரைபடம் வருவதற்கான வாய்ப்பை, இரண்டாவது உண்மையானால் வருவதற்கான வாய்ப்பால் வகுக்கிறோம். ஒன்றுக்கு மேல் வந்தால் முதல் கூற்றுக்கு ஆதரவு, ஒன்றுக்குக் கீழே வந்தால் இரண்டாவதற்கு ஆதரவு. மேலே பார்த்த ஐந்து சாத்தியங்களையும் ஒன்றுகூட விடாமல், அவற்றுக்குரிய எடையோடு சேர்ப்பதற்கு இதைவிட ஒழுங்கான வழி இல்லை. எல்லா அல்லீல்களும் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்து, இந்த அல்லீல்களுக்குள் அடங்குபவர் மக்களில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் பழைய முறை, ட்ராப்-அவுட் சாத்தியமுள்ள இடத்தில் செல்லாது.

எஸ்டிஆர்மிக்ஸ், யூரோஃபார்மிக்ஸ், ட்ரூஅல்லீல் போன்ற மென்பொருள்கள் முகடுகளின் உயரங்கள், ஸ்டட்டர், விடுபடல் அனைத்தையும் மாதிரியமைத்து இந்த விகிதத்தைத் தருகின்றன. அவை நிபுணரின் வேலையைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியிருக்கின்றன. எத்தனை பேர் என்று சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். எந்த முகட்டை நீக்குவது, எந்தக் கூற்றுகளை ஒப்பிடுவது என்பதும் நீங்கள்தான். பெரும்பங்களிப்பாளரின் இணைகளாக மென்பொருள் சொல்வது வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகிறதா, கலப்பு விகிதம் நீங்கள் முன்பே எழுதியதற்கு அருகில் இருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணை நகலெடுக்காதீர்கள். 2016இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, மூன்று பேர் வரையிலான, சிறுபங்களிப்பாளரின் பங்கு குறைந்தது 20 விழுக்காடு உள்ள கலப்புகளுக்கே இம்முறைகளின் நம்பகத்தன்மை நிறுவப்பட்டிருப்பதாகச் சொன்னது. அதன் பிறகு கூடுதல் சரிபார்ப்புகள் வெளியாகியுள்ளன. ஆனாலும் உங்களுக்குரிய எல்லை உங்கள் ஆய்வகம் சோதித்துப் பார்த்த எல்லைதான். ஐந்து பேர் கலப்பை நீங்கள் சரிபார்த்ததே இல்லை என்றால், மென்பொருள் எண் தருகிறது என்பதற்காக அதை அறிக்கையில் எழுதக் கூடாது.

சிறிய விகிதங்களைக் கையாளும்போது ஒரு கணித உண்மை கைகொடுக்கும்: மாதிரியில் இல்லாத ஒருவருக்கு 1000 அல்லது அதற்கு மேல் விகிதம் வருவதற்கான வாய்ப்பு அதிகபட்சம் ஆயிரத்தில் ஒன்று. ஒருவரை மட்டும் ஒப்பிடும்போது அது ஆறுதலான எண். ஒரு லட்சம் பேர் உள்ள தரவுத்தளத்தில் தேடினால், தொடர்பே இல்லாத நூறு பேர் வரை அப்படி வரக்கூடும்.

படி 7: அறிக்கையின் வாசகம்

வாய்ப்பு விகிதம் பத்து லட்சம் என்றால் எழுத வேண்டியது இதுதான்: இந்த வரைபடம், மாதிரியில் இவரும் தெரியாத ஒருவரும் இருக்கிறார்கள் என்ற கூற்றின்கீழ் வருவதற்கான வாய்ப்பு, உறவில்லாத தெரியாத இருவர் இருக்கிறார்கள் என்ற கூற்றின்கீழ் வருவதைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம். எழுதக் கூடாதது: இவர் மாதிரியில் இருப்பதற்கான வாய்ப்பு அல்லாததைவிடப் பத்து லட்சம் மடங்கு அதிகம். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், இரண்டாவது வாக்கியம் வழக்கின் மற்றச் சான்றுகளையும் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. பத்து லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் விவரம், ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் சுமார் ஐந்து பேருக்கு இருக்கும். அவர்களில் யார் என்பதை டிஎன்ஏ மட்டும் சொல்லாது. இந்தத் தலைகீழ் வாசிப்பு வழக்கறிஞர்களிடம் மட்டுமல்ல, சாட்சிக்கூண்டில் நிற்கும் நிபுணர்களிடமும் வந்துவிடுகிறது. குறுக்கு விசாரணையில் எளிமையாகச் சொல்லுங்கள் என்று கேட்கும்போதுதான் பெரும்பாலும் வழுக்குகிறது. அந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள்.

யாருடைய டிஎன்ஏ என்பதும் அது எப்படி அங்கே வந்தது என்பதும் வேறு வேறு கேள்விகள். 2012இல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் விரல்நகங்களில் கிடைத்த டிஎன்ஏவை வைத்து ஒருவர் கைது செய்யப்பட்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். கொலை நடந்த நேரத்தில் அவர் மயங்கிய நிலையில் மருத்துவமனையில் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற அதே அவசர உதவி ஊழியர்கள்தான் சில மணி நேரம் கழித்துக் கொலை நடந்த வீட்டுக்கும் போயிருந்தார்கள். அந்த வழக்கில் டிஎன்ஏ வாசிப்பில் எந்தப் பிழையும் இல்லை, அது அவருடையதேதான். ஆகவே தொட்டார், பிடித்தார், தாக்கினார் போன்ற சொற்கள், அதற்குரிய பரிமாற்ற ஆய்வுகளின் அடிப்படையில் தனியாக மதிப்பிடாத வரை, உங்கள் அறிக்கையில் இடம்பெறக் கூடாது. சில செல்களின் டிஎன்ஏவை வைத்து, இது இரத்தத்திலிருந்து வந்தது என்று சொல்வதற்கும் இரத்தச் சோதனையின் தனி முடிவு தேவை.

படி 8: இரண்டாவது வாசிப்பு

இரண்டாவது நிபுணரிடம் உங்கள் முடிவைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னால் அவர் அதை உறுதிப்படுத்தவே முனைவார். கருவியின் மூலத் தரவை மட்டும் கொடுங்கள். அவரும் தடய மாதிரியைத் தனியாகப் படித்து, எத்தனை பேர், எவை அல்லீல்கள், எவை ஐயத்துக்குரியவை என்று தம் தாளில் எழுதட்டும். அதன் பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வையுங்கள். வேறுபாடு இருந்தால் கலந்துபேசி ஒருவர் மற்றவருக்கு இணங்கிவிட்டு முதல் தாளைக் கிழித்துப்போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அது கூடாது. இரண்டு வாசிப்புகளும், எதன் அடிப்படையில் எது ஏற்கப்பட்டது என்ற குறிப்பும் கோப்பில் இருக்க வேண்டும், எதிர்த்தரப்பு நிபுணர் கேட்டால் அவருக்கும் கிடைக்க வேண்டும். பேசியும் தீராத வேறுபாடு என்றால், அந்த லோக்கஸ் ஒப்பீட்டிலிருந்து நீங்கட்டும். பல லோக்கஸ்களில் அப்படியிருந்தால், முடிவு சொல்ல இயலாது என்று இருவரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.